முதலில் ட்யூப்லைட்டை அணையுங்கள்

கேள்வி: வைகாசியில் என் தங்கைக்குக் கல்யாணம். மாலை வரவேற்பு ராமநாதபுரத்தில், ஒரு பழைய மண்டபத்தில். நீலப் பெயிண்ட் சுவர், வரிசையாக ட்யூப்லைட், மேலே முழுக்க ஃபேன். மாப்பிள்ளையின் அண்ணன் வரவேற்பு மதுரையில் ஒரு ஸ்டார் ஹோட்டல் பால்ரூமில் நடந்தது. நம் மண்டபத்தையும் அப்படி மாற்ற வேண்டும் என்று வீட்டில் ஆசை. டெகரேட்டர் நான்கு லட்சம் சொல்கிறார். மேடைக்கு மட்டும் இரண்டரை: எல்.இ.டி. திரை, ஊதா லைட், புகை, பூப்பொறி. கடற்கரைக்காரர்கள் என்பதால் பவளப்பாறை, சங்கு வைத்து ‘கடல் தீம்’. எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் சமாளிக்கலாம். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: கொடுக்க வேண்டாம்.

காரணத்தைப் பணத்திலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள் அதைக் கடைசி வரியில் போட்டிருந்தாலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வைகாசி முழுக்க அதற்குள்ளேதான் கிடக்கிறது. படகு கரையில் நிற்கும், வருமானம் இருக்காது. அந்த நேரத்தில் வாங்கும் முன்பணத்தை எப்படி அடைக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: மீனைக் கொடுத்து, அந்த வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்து. மூன்று மணி நேர ஊதா வெளிச்சத்துக்கு அது ரொம்பவே அதிகம்.

சரி, ஆசைக்கு வருவோம். ஆசை நியாயமானதுதான். நல்ல வெளிச்சம் இருந்தால் பழைய மண்டபமும் அழகாக இருக்கும். ஆனால் மதுரை ஹோட்டலில் எது உங்களை மயக்கியது என்று யாராவது யோசித்தீர்களா? அங்கே ஒரு விளக்காவது கண்ணில் குத்தியதா? பல்பு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. பால்ரூம்களில் பெரும்பாலும் விளக்குகளை மேற்கூரைக்குள் மறைத்து, டிம்மர் போட்டு, மஞ்சள் சாயலில் தாழ்த்தி வைத்திருப்பார்கள். சில இடங்கள் வேண்டுமென்றே இருட்டாக விடப்பட்டிருக்கும். மேசையில் வெளிச்சம், சுவரில் கொஞ்சம், மேடையில் நிறைய, நடுவில் மங்கல். ஆடம்பரம் என்று நமக்குத் தோன்றியது இந்த ஏற்ற இறக்கம்தான். நம் மண்டபங்களில் வாசல், மூலை, பந்திக்கூடம், செருப்பு விடும் இடம் என எல்லாமே ஒரே அளவு பளீர். அதன் மேல் நீங்கள் என்ன அலங்காரம் போட்டாலும் ஜவுளிக்கடை மாதிரிதான் தெரியும்.

ஆகவே முதல் வேலைக்குச் செலவே இல்லை. ட்யூப்லைட்டை அணைக்க வேண்டும். மண்டப மேனேஜரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பல மண்டபங்களில் ஃபேனும் ட்யூப்லைட்டும் ஒரே ஸ்விட்ச் போர்டில் கலந்து கிடக்கும். எந்த ஸ்விட்ச் எதற்கு என்று முதல் நாளே ஒட்டி வைக்காவிட்டால், பெண் மேடையேறும் நேரத்தில் யாராவது ஒரு மாமா ‘என்னப்பா இருட்டா இருக்கு’ என்று எல்லாவற்றையும் தட்டிவிடுவார்.

அடுத்தது சுவர். வெளிச்சத்தின் நிறச் சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். ட்யூப்லைட்டின் வெள்ளை 6500 கெல்வின் பக்கம் இருக்கும், பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். ஹோட்டலில் நீங்கள் பார்த்த மஞ்சள் சாயல் 2700 முதல் 3000 வரை. எண் குறையக் குறைய வெளிச்சம் இதமாகும். ஆனால் உங்கள் சுவர் நீலம். நீலச் சுவர் மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும், சாம்பலும் அழுக்குமாகத் தெரியும். டெகரேட்டர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அவர் மண்டபத்தைப் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கச் சுவரிலும் சந்தன நிறத் துணியைத் தரை வரை தொங்கவிடச் சொல்லுங்கள். துணியின் அடியில், ஓர் அடி தள்ளி, பதினைந்து அடிக்கு ஒன்றாக எல்.இ.டி. பார் லைட்டை மேல் நோக்கி வைக்க வேண்டும். மண்டபம் நூறடி நீளம் என்றால் பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு. ஒன்று 150 வாட் என்றாலும் எல்லாம் சேர்த்து 2100 வாட்தான். பழைய ஆயிரம் வாட் ஹாலஜன் இரண்டு இழுக்கும் அளவு. ஜெனரேட்டர் வாடகை பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

மேற்கூரையில் துணி கட்ட வேண்டாம். படத்தில் அழகாகத்தான் இருக்கும். வைகாசி வெக்கையில் ஃபேன் காற்றை அடைத்துவிட்டு, பட்டுப்புடவைக்காரர்களை உள்ளே உட்கார வைத்தால் அரை மணியில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு தொங்கவிடுவதும் கூடாது. இறக்கை சுற்றச் சுற்ற நிழல் வெட்டி வெட்டி விழும். கண்ணுக்குத் தலைவலி, வீடியோவில் அதைவிட மோசம்.

இப்போது அந்த இரண்டரை லட்சம் மேடை. மணமக்களுக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைத்தால், அந்தத் திரைதான் மண்டபத்திலேயே பிரகாசமான பொருள். கேமரா அதற்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், முன்னால் நிற்கும் இருவரும் கறுத்துப் போவார்கள். ஊதா லைட் இதைவிடக் கொடுமை. நீலமும் ஊதாவும் விழுந்தால் மாநிறம் சாம்பல் பூக்கும், தங்கம் பித்தளையாகும், அரக்குப் புடவை கறுப்பாகும். தங்கைக்குப் புடவை எடுக்க எத்தனை கடை ஏறி இறங்கினீர்களோ, அத்தனையும் வீண். மேடையில் வேண்டியது இவ்வளவுதான்: இடமும் வலமுமாக இரண்டு நல்ல விளக்கு, தலைக்கு மேல் உயரத்தில், முன்பக்கம் சாய்வாக. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. 90-க்கு மேல் இருக்கும் விளக்கைக் கேளுங்கள். நேர் உச்சியிலிருந்து மட்டும் விழும் வெளிச்சம் வேண்டாம், கண்ணுக்குக் கீழே பள்ளம் விழும். வீடியோக்காரர் தன் பங்குக்கு வெள்ளை லைட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். அவரையும் டெகரேட்டரையும் ஒரே போனில் பேசவைத்து, இரண்டு பேரும் ஒரே கெல்வினில் நிற்கச் சொல்லுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, கொஞ்சம் அதட்டல் போதும்.

மேடைப் படியின் விளிம்பில் மஞ்சள் ஸ்ட்ரிப் லைட் ஒட்டச் சொல்லுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்த பெரியவர்கள் எத்தனை பேர் ஆசீர்வாதம் செய்ய ஏறுவார்கள்? தரையில் புகையையும் விட்டுப் படியையும் மறைத்தால் அவர்கள் எங்கே கால் வைப்பார்கள்?

பூப்பொறி வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் துணிக்கு நடுவே தீப்பொறி கக்கும் இயந்திரத்தை வைப்பதற்கு அலங்காரம் என்று பெயர் கிடையாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பற்றியது கீற்றுப் பந்தல். இன்றைய மேடைத் துணியும் அதற்குச் சளைத்ததல்ல, உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். இதோடு நம் ஊர் உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் வாடகைக்குச் சுற்றும் விளக்குகளில் ப்ளக் முனை பச்சை பூத்திருக்கும், டேப் சுற்றிய ஜாயிண்ட் ஈரம் வாங்கியிருக்கும். வயரைத் துணிக்குப் பின்னால் மறைப்பதற்கு முன் ஓர் எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. லைனில் இருக்கிறதா என்றும் அவரே சொல்வார்.

பவளப்பாறை விஷயத்தில் உங்கள் டெகரேட்டர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. பவளம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. சில வகைச் சங்கு, சிப்பிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாம்பன் வீட்டுக் கல்யாணத்தில், அதுவும் வனத்துறைக்காரர் யாராவது விருந்தாளியாக வந்திருக்கும்போது, மேடையில் பவளத்தை அடுக்கி ஃபோகஸ் லைட்டும் போட்டுக் காட்டப் போகிறீர்களா? சாக்பீஸ் தூளிலும் தெர்மாகோலிலும் செய்த போலி என்று டெகரேட்டர் சொல்லக்கூடும். அப்படியானால் அது இன்னும் மோசம். கடலைத் தினமும் பார்ப்பவர்கள் முன்னால் தெர்மாகோல் கடல் எதற்கு?

அலங்காரம் வேண்டுமென்றால் சொந்த மண்ணில் இருப்பதைப் பாருங்கள். வைகாசி நுங்குக் காலம். பந்தல் முகப்பில் பனங்குலை, தென்னங்குலை, வாழைத்தார் கட்டுவது நம் பழைய வழக்கம். ராமநாதபுரத்தில் பனைக்கா பஞ்சம்? கரும்பச்சைப் பனங்குலைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் விளக்கை மேல் நோக்கிப் போட்டுப் பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் பிளாஸ்டிக் ரோஜா வளைவு அதன் பக்கத்தில் நிற்காது. மேடைப் பின்புறத்துக்குப் பனையோலை முடைந்த தட்டிகள் போதும். ஓலையின் மடிப்பில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் அத்தனை கோடும் எழுந்து நிற்கும். (ஓலையும் எரியும் பொருள்தான்; விளக்கைத் தள்ளியே வையுங்கள். எல்.இ.டி. என்றால் சூடு குறைவு.) மல்லிகையை மேடை முழுக்கக் கொட்டாதீர்கள். வைகாசி முகூர்த்தத்தில் பூ விலை ஏறும், வெக்கையில் சீக்கிரம் வாடவும் செய்யும். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று வெளியூருக்கெல்லாம் போகிறது, நாம் மட்டும் பிளாஸ்டிக் மல்லிகையைத் தொங்கவிடுகிறோம் என்பது வேறு கதை. கை எட்டும் இடங்களில், வரவேற்பு மேசையிலும் பெண்ணின் சோபா ஓரத்திலும் மட்டும் நிஜப் பூ இருக்கட்டும். வாசல் வளைவு எதுவானாலும் கயிறு போட்டுக் கட்டுங்கள். அது கச்சான் காற்று (மேல்காற்று) வீசும் மாதம் என்பதைப் படகுக்காரருக்கு நினைவூட்ட வேண்டாம்.

பந்திக்கூடத்தை மறந்துவிட்டீர்கள். எல்லோரும் மறக்கிறார்கள். விருந்தாளி மேடையில் இருப்பது போட்டோ எடுக்கும் ஒரு நிமிஷம், இலை முன்னால் அரை மணி. அங்கே மட்டும் வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். மீன் குழம்போ சாம்பாரோ, முள்ளும் கறிவேப்பிலையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளை ட்யூபுக்குப் பதில் 3000 கெல்வின் பல்பு மாற்றினால் போதும், சோறே அழகாக இருக்கும்.

இப்போது டெகரேட்டரைக் கூப்பிட்டு, திரை, ஊதா, புகை, பொறி, பவளம் ஐந்தையும் அடித்துவிட்டுப் புதுக் கணக்குக் கேளுங்கள். முணுமுணுப்பார். விளக்கு எத்தனை, எத்தனை வாட், என்ன கெல்வின், ஆபரேட்டர் கடைசிவரை இருப்பாரா என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள். முதல் நாள் இரவு ஏழரைக்கு எல்லா விளக்கையும் போடவைத்து, தங்கையின் ரிசெப்ஷன் புடவையை ஒரு சித்தி தோளில் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கட்டும். உங்கள் போனிலேயே ஒரு படம் எடுங்கள். அதில் புடவையின் நிறம் மாறியிருந்தால், பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் விளக்கை மாற்றச் சொல்லுங்கள்.