பிப்ரவரியில் பீனிக்ஸ் வருகிறவருக்கு

தம்பி, பிப்ரவரி நடுவில் பீனிக்ஸில் வேலைக்குச் சேர்கிறேன், எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், கார் உடனே வேண்டுமா, மளிகைக்கு எங்கே போவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: "புது டீமில் எல்லோரும் ஸ்பிரிங் டிரெயினிங் என்றே பேசுகிறார்கள். கணக்கில் சேராத மேட்சுக்கு ஆறு வாரமா? இரண்டு வாரம் போதாதா?" எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் கேள்வி. ஸ்பிரிங் டிரெயினிங் என்றால் பேஸ்பால் சீசன் தொடங்கும் முன் அணிகள் போடும் பயிற்சி முகாம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீக்கில் இருக்கும் 30 அணிகளில் 15 புளோரிடாவுக்குப் போகும். மீதி 15-ம் பீனிக்ஸைச் சுற்றித்தான் முகாம் போடும். மெசா, டெம்பி, ஸ்காட்ஸ்டேல், பியோரியா, சர்ப்ரைஸ் என்று பத்து மைதானங்கள். சிகாகோவிலும் மில்வாக்கியிலும் பனியில் முடங்கிக் கிடந்த சனம் மொத்தமும் வெயில் காய இங்கே வந்து இறங்கும். நான் வந்தது 1998 பிப்ரவரி. கம்பெனி ஒரு வாரத்துக்குத்தான் அறை போட்டிருந்தது. வாரம் முடிந்த காலையில் ஓட்டல்காரர் அதே அறைக்கு வேறு விலை சொன்னார். கேட்டதும் தலை சுற்றியது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெசாவில் ஒரு பழைய மோட்டலில் போய் விழுந்தேன். மார்ச் கடைசி வரை தங்க இடம் உண்டு என்று எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். வாயால் சொல்வதெல்லாம் ஊர் போய்ச் சேராது.

மார்ச்சில் பார்த்த பீனிக்ஸை நம்பி ஒரு வருட லீசில் கையெழுத்தும் போடாதீர்கள். ஆரஞ்சுப் பூ வாசம், இதமான வெயில் எல்லாம் இருக்கும். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. மேற்குப் பார்த்த படுக்கையறை வேண்டவே வேண்டாம். காருக்குக் கூரை உண்டா என்று பாருங்கள்.

சரி, ஆறு வாரம். அது பேட்டைப் பிடிப்பவனுக்காக இல்லை, பந்து எறிபவனின் முழங்கைக்காக. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சருக்கு, அதாவது பந்து எறிபவனுக்கு, ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். முதல் முறை ஓரிரு இன்னிங்ஸ், முப்பது பந்து சுமாருக்கு. அடுத்து மூன்று, பிறகு நான்கு என்று ஏற்றிக்கொண்டே போய்த் தொண்ணூறு பந்தை நெருங்க ஐந்தாறு முறை வேண்டும். அதுவே ஒரு மாதம். அதற்கு முன் மேட்சே இல்லாமல் எறிந்ததை வாங்கிப் பிடிக்கும் கேட்ச்சரிடம் மட்டும் எறிந்து பழக பத்து நாள். கூட்டிப் பாருங்கள். பாடகர் யாராவது எழுந்தவுடன் மேல்ஸ்தாயியில் கத்துவாரா? அதனால்தான் பிட்ச்சர்களும் கேட்ச்சர்களும் முதலில் வருகிறார்கள், மற்றவர்கள் சில நாள் கழித்து. பேட்ஸ்மேனுக்கு மூன்று வாரம் தாராளம் என்பது என் கட்சி. நான்காவது வாரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று நிற்பார்கள். அணி முதலாளிகள் குறைக்கச் சம்மதிப்பார்களா? டிக்கெட் விற்கிறதே.

குறைத்துப் பார்க்காமலும் இல்லை. 1990-ல் கதவடைப்பு, 1995-ல் வேலைநிறுத்தம், 2020-ல் கோவிட், 2022-ல் மறுபடி கதவடைப்பு. ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு வாரத்தில் முடித்தார்கள். சீசன் நடக்கத்தான் செய்தது. ஆனால் 2022-ல் முதல் சில வாரங்களுக்கு அணிக்கு 26 பேருக்குப் பதில் 28 பேரை அனுமதித்தார்கள். கைகள் தயாரில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஆரம்பத்தில் நோக்கமே வேறு. 1886-ல் சிகாகோ அணியை ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போனது, குளிர்காலத்தில் குடித்த பீரை வேர்த்து வெளியேற்ற. வெகுகாலம் ஆட்டக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் வேறு பிழைப்பு இருந்தது. பிட்ஸ்பர்க்கில் ஆடிய ரிச்சி ஹெப்னர் கல்லறைக்குக் குழி வெட்டினார். இன்று தொப்பையோடு வருகிறவன் கிடையாது. டிசம்பரிலேயே முழு வேகத்தில் எறிந்துவிட்டு வருகிறார்கள். அதுவும் காயத்துக்கு ஒரு காரணம் என்று லீக்கே 2024 டிசம்பரில் அறிக்கை விட்டது. அந்தக் காலத்தில் உடம்பைக் கிளப்ப முகாம், இந்தக் காலத்தில் கடிவாளம் போட.

மோட்டலில் பக்கத்து அறைக்காரர் சிகாகோவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் கப்ஸ் அணிக்காக வருவார். நான் மைக்ரோவேவ் சோறு தின்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஹோஹோகம் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பொடியன் எறிந்துகொண்டிருந்தான். பின்னால் நின்ற பயிற்சியாளர் கையில் சின்ன எண்ணும் கருவி. ஒவ்வொரு பந்துக்கும் கட்டைவிரலால் ஒரு தட்டு. கணக்கு முடிந்ததும் "போதும்" என்றார். இன்னும் ரெண்டே ரெண்டு என்று பையன் கெஞ்சினான். அவர் பந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த முகாமில்தான் 20 வயது கெர்ரி வுட் இருந்தார். மே மாதம் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது அடிக்கவே விடாமல் வெளியே அனுப்பினார். அடுத்த வருட முகாமில் முழங்கைத் தசைநார் போய், 1999 முழுக்க ஆடவே இல்லை. ஆறு வாரம் கொடுத்தாலும் சில கை நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்கள் இருக்கிறார்களே, ஆபீஸ் கொடுக்கும் ஓசி டிக்கெட்டில் வந்து, ஹாட் டாக் தின்று, "கிரிக்கெட் பக்கத்தில் வருமா" என்று சொல்லி நான்காவது இன்னிங்ஸில் பார்க்கிங்குக்கு ஓடுவார்கள். ஐந்தாவதில் நட்சத்திரங்கள் கிளம்பிய பிறகுதான் 84, 91 என்று எண் போட்ட பையன்கள் இறங்குவார்கள். அறுபது சொச்சம் பேர் 26 இடத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்க்க அதுதான் நேரம். நான் கையால் ஸ்கோர் எழுதுகிறவன். அந்தப் பெயர்களைத்தான் முதலில் எழுதிக்கொள்வேன். மார்ச் டிக்கெட்டுக்குக் காசு கொட்டாதீர்கள். பிப்ரவரியில் பல அணிகளின் காலைப் பயிற்சியைச் சும்மாவே பார்க்கலாம். தொப்பி மறக்க வேண்டாம்.

கார் வாங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. மளிகை சாண்ட்லரில் கிடைக்கும், அதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.