நாத்தனார் கேட்கும் உள்கடன்: ஊக்குநர் என்ன செய்யலாம்?

வணக்கம் சகோதரி. மகளிர் சுய உதவிக் குழுவை வழிநடத்தும் ஊக்குநராகி மூன்று மாதம்தான் ஆகிறது, நாத்தனார் முறை தாண்டி குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனாக 20,000 ரூபாய் கேட்கிறார், கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை, கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காசோலையில் கையெழுத்துப் போடுவது நீங்கள். நாளைக்கு அவர்களுக்கும் கடன் வேண்டும். எப்படி எதிர்த்துப் பேசுவார்கள்?

நானும் ஊக்குநராக இருந்தவள்தான். ஒருமுறை என் அக்காவுக்கு முதலில் கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு பாட்டி சேமிப்புப் பணத்தை என் கையில் தராமல் பாயில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் உறுத்துகிறது.

குழு நடத்தும் விதிகளான பஞ்சசூத்திரத்தில் முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு என ஐந்தையும் சொல்கிறோம். உள்கடனில் உறவு நுழைந்தால் மற்ற நான்கும் ஆட்டம் காணும். தவணை கட்டுவதுதான் முதலில் நிற்கும்.

வரும் கூட்டத்தில் இந்தப் பேச்சை, உங்களோடு பொறுப்பில் இருக்கும் குழுப் பிரதிநிதி நடத்தட்டும். கடன் கேட்டவர்கள் எல்லோருடைய பெயரும், தேவையும், பழைய பாக்கியும் சத்தமாக வாசிக்கப்படட்டும். முடிவாகும்வரை நீங்கள் திண்ணையில் இருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நாத்தனாரிடம் இன்றைக்கே வீட்டில் தனியாகச் சொல்லிவிடுங்கள். மருத்துவச் செலவு மாதிரி அவசரம் என்றால், அதை அவரே குழுவிடம் சொல்லட்டும். நிச்சயம் கேட்பார்கள்.