சின்ன கார் வாங்குகிறவர்கள் கேட்டவை: குளிர்ந்த எஞ்சினில் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்ட் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஆர்சி என்றால் வண்டியின் பதிவுச் சான்று, என்ஓசி என்றால் தடையில்லாச் சான்று, மற்றதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். விலைகளை உத்தேசமாகச் சொல்கிறேன், பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்து என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: சார், நல்ல கார் ஒன்று சொல்லவும். அவசரம். (ஊர் குறிப்பிடவில்லை)

எவ்வளவு பணம் இருக்கிறது? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வீட்டில் எத்தனை பேர்? தெரு எவ்வளவு அகலம்? எதுவுமே எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல முடியும்? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஆன்ரோடு (வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து) ஐந்தரை லட்சம் வரை முடியும். பள்ளிக்குப் போய்வர தினம் 24 கிலோமீட்டர். புது ஆல்டோ கே10 எடுப்பதா, 2021 வேகன் ஆர் 4.70க்கு வருகிறது, அதை எடுப்பதா? இப்போதுதான் ஓட்டப் பழகுகிறேன். (ஓர் ஆசிரியை, பல்லடம்)

இப்படி எழுதினால்தான் பதில் சொல்ல முடியும். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18க்கு இறங்கியது. புது வண்டி விலை இறங்கிவிட்டது, ஆனால் பழைய வண்டி விற்கிறவர்களில் பலர் இன்னும் பழைய விலையையே மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். உங்களிடம் கேட்ட 4.70 அப்படிப்பட்ட விலைதான். ஆல்டோவில் நடு மாடல் எக்ஸ் ஷோரூம் (ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ் சேராத விலை) நாலரை லட்சம் அளவில் வரும். தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரை ஆயுள் வரி 12 சதவீதம், அதற்குமேல் பத்து லட்சம் வரை 13. இன்ஷூரன்ஸ் இருபத்தைந்து முப்பதாயிரம். எல்லாம் சேர்த்தாலும் உங்கள் ஐந்தரைக்குள் நின்றுவிடும். தேவையில்லாத ‘ஆக்சசரீஸ் பேக்’ கட்டாயம் என்று சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம் பாதுகாப்பு. 2025ல் இருந்து ஆல்டோவில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது. 2021 வேகன் ஆரில் அதிகபட்சம் இரண்டுதான். இரண்டு ஏர்பேக் காலத்தில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு மோதல் சோதனை செய்தபோது வேகன் ஆருக்குக் கிடைத்தது ஒரு ஸ்டார், ஆல்டோவுக்கு இரண்டு. இரண்டுமே பெருமைப்படுகிற மாதிரி இல்லை, அதனால் ஏர்பேக் கூடுதலாக இருப்பதையே எடுங்கள். ஒரே விதிவிலக்கு, வீட்டில் முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அடிக்கடி கூட்டிப் போவீர்கள் என்றால் வேகன் ஆரின் உயரமான சீட் பெரிய வரம். அப்போது நாலு லட்சத்துக்குக் கீழே பேசுங்கள், காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டுப் பேசுங்கள் (ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்).

கேள்வி: வெள்ளை வாங்கலாமா, சில்வரா? (சிவகாசி)

வெள்ளை. வெயிலுக்கும் நல்லது, விற்கும்போதும் சீக்கிரம் போகும்.

கேள்வி: 2012 ஐ10, சிங்கிள் ஓனர், ஓடியது 38 ஆயிரம்தான் என்கிறார்கள். நம்பலாமா? (புதுக்கோட்டை)

மீட்டரை நம்பாதீர்கள், வண்டியை நம்புங்கள். மீட்டர் திருப்புவது அரை மணி நேர வேலை. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், ஸ்டியரிங் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 38 ஆயிரம் ஓடிய வண்டி இரண்டாவது செட் டயரில் இருக்கலாம், மூன்றாவது செட் என்றால் கணக்கு இடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்து, விற்பவரையே கூட வைத்துக்கொண்டு சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் வரிசையாக இருக்கும்.

உண்மையாகவே 38 ஆயிரம்தான் என்றாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 1.1 லிட்டர் எஞ்சின் என்றால் டைமிங் பெல்ட் உண்டு, பத்து வருடத்துக்கு மேல் ஆன பெல்ட்டை கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். அது அறுந்தால் வால்வு வளைந்து பெரிய செலவு வைக்கும். 1.2 என்றால் செயின், அந்தக் கவலை இல்லை.

கேள்வி: சென்னை நம்பர், 2021 ஸ்விஃப்ட். மார்க்கெட் விலையைவிட எண்பதாயிரம் குறைவாகத் தருகிறேன் என்கிறார் கும்பகோணத்தில் ஒரு வியாபாரி. உள்ளே புதிது மாதிரி இருக்கிறது. வேறு எதாவது பார்க்க வேண்டுமா? (பாபநாசம்)

நிறைய பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் போனால் போகட்டும்.

சென்னை நம்பர், வெளி மாவட்டத்தில் விற்பனை, விலை குறைவு, உள்ளே எல்லாம் புதிது. இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் மறுபடி நடந்தது, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் நடந்தது. டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று முடித்து உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு வண்டி ஏலத்தில் போகிறது. எடுத்தவர் காய வைத்து, கழுவி, சீட் கவரும் மேட்டும் புதிதாகப் போட்டு, வெள்ளம் வராத ஊருக்குக் கொண்டுபோய் விற்கிறார். ஆர்சி உயிரோடு இருப்பதால் பரிவாகன் என்ற அரசு வலைத்தளத்தில் நம்பர் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். நம் ஆர்சியில் ‘வெள்ளத்தில் மூழ்கியது’ என்று குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. இத்தனை வெள்ளத்தைப் பார்த்த பிறகும் அந்த ஒரு வரியைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குத் தீராத கோபம்.

2016ல் என் சித்தப்பா மகன் தஞ்சாவூரில் ஒரு வியாபாரியிடம் இப்படி ஒரு வண்டி வாங்கினான். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். ஃபோட்டோ அனுப்பினான், நல்லாத்தான் இருக்கு என்று சொன்னது நான்தான். நாலாவது மாதம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. பிறகு ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கியது. ஒருநாள் திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே பவர் ஸ்டியரிங் செத்து, சக்கரம் கல்லாகக் கனத்துவிட்டது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். மெக்கானிக் மேட்டை முழுசாகப் பிரித்தபோது அடியில் சேறு காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. எழுபதாயிரத்துக்கு மேல் செலவு செய்து, கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். ஃபோட்டோ பார்த்து யாருக்கும் கருத்து சொல்வதை அன்றோடு நிறுத்தினேன். நீங்களும் அனுப்பாதீர்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள், அடியில் சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறையோ வாடையோ இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தரையில் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்து, பெயிண்ட் அடிக்காத இரும்பு பிராக்கெட்டுகளைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தப் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் பச்சை பூத்திருக்கக் கூடாது. ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் காகிதம். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள், நடப்பு பாலிசி மட்டும் போதாது. கிளெய்ம் இல்லாமல் போனால் என்சிபி (கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறிக்கொண்டே வரும். 2023 டிசம்பருக்கு அடுத்து வந்த ரினியூவலில் அது பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் ஒரு கிளெய்ம் நடந்திருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள். பழைய பாலிசி தொலைந்துவிட்டது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், எண்பதாயிரம் மிச்சம் என்ற ஆசை வேண்டாம். நேரில் போகாமல், மெக்கானிக் இல்லாமல், அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: காரை விற்று எட்டு மாதம் ஆகிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னும் எனக்கே சலான் வருகிறது. (மதுரை)

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று யார் சொன்னது? ஆர்சியில் உங்கள் பெயர் இருக்கும் வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் ஓனர். சலானோடு நின்றால் அதிர்ஷ்டம். அந்த வண்டி யாரையாவது இடித்து, இன்ஷூரன்ஸும் இல்லை என்றால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். கை மாறி மாறிப் போன வண்டியாக இருந்தாலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தாமதமானாலும் பரவாயில்லை, விற்ற ரசீதோடு இப்போதாவது எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். இனி விற்கிறவர்கள், பெயர் மாறும் வரை கொஞ்சம் பணத்தையாவது பிடித்து வையுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் வராது. விற்றவரின் என்சிபி உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை.

கேள்வி: டெல்லி நம்பர் 2017 டீசல் ஸ்விஃப்ட், பாதி விலைக்குக் கிடைக்கிறது. தினம் 18 கிலோமீட்டர் ஓட்டம். (திருப்பூர்)

வேண்டாம். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு வரும் என்ற பயத்தால்தான் அந்த விலை. இங்கே கொண்டுவந்தால் என்ஓசி, தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு, அலைச்சல். இதெல்லாம் கூட்டினால் மிச்சம் கரைந்துவிடும். அதோடு 18 கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு? லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு டர்போ, இன்ஜெக்டர் செலவை எந்தக் காலத்திலும் ஈடுகட்ட முடியாது. பெட்ரோல் பாருங்கள்.

கேள்வி: ஃபோர்டு கம்பெனி இந்தியாவை விட்டுப் போய்விட்டதே, 2018 ஃபிகோ வாங்கலாமா? (தாம்பரம்)

உங்கள் ஊரில் அந்த வண்டியை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் வாங்கலாம், ஓட்ட அருமையான வண்டி. ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி தேய்மானச் சாமான்களுக்குக் கவலை இல்லை. இடித்துவிட்டு ஹெட்லைட்டோ பம்பரோ தேடும்போதுதான் காத்திருக்க நேரும். அந்த ஆபத்துக்காக விலையில் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், திரும்ப விற்கும்போது உங்களிடமும் அப்படித்தான் கேட்பார்கள்.

கேள்வி: பழைய செலேரியோ ஏஎம்டி. மாதம் ஒருமுறை கொடைக்கானல் போவோம். மலைக்குச் சரிப்படுமா? (வத்தலக்குண்டு)

சரிப்படும், ஆனால் ஓட்டுகிறவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், உங்களுக்குப் பதில் மோட்டார் கிளட்சை மிதித்து கியரையும் மாற்றுகிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலரேட்டரில் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் எரியும். ஹேண்ட் பிரேக் போடுங்கள். இறக்கத்தில் மேனுவல் மோடில் இரண்டாவது கியர். வாங்கும் முன் ஒரு சரிவில் நிறுத்தி, அங்கிருந்து கிளப்பிப் பாருங்கள். உதறினாலோ கருகிய வாடை வந்தாலோ கிளட்ச் செலவை விலையில் கழியுங்கள். இதையும் முதலில் குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை, சூடான பிறகு ஒருமுறை செய்யுங்கள்.

கேள்வி: 2011 ஆல்டோ, விலை 85 ஆயிரம். ஓட்டப் பழக மட்டும்தான். (விருதுநகர்)

பதிவு 15 வருடத்துக்குத்தான். எந்த மாதம் முடிகிறது என்று ஆர்சியில் பார்த்தீர்களா? எழுதவே இல்லையே. புதுப்பிக்க மத்திய அரசு கட்டணம் மட்டும் ஐந்தாயிரம், மேலே பசுமை வரி, எஃப்சிக்கு (தகுதிச் சான்று) முன் டிங்கரிங், டயர், பிரேக் வேலை என்று இன்னொரு இருபது முப்பதாயிரம் எடுத்து வையுங்கள். விற்பவரே எஃப்சி எடுத்துக் கொடுத்தால் 85 ஆயிரம், இல்லையென்றால் 55. பழக மட்டும்தான் என்றால் டிரைவிங் ஸ்கூலில் இன்னும் பத்து நாள் கூடுதலாகப் போவது மலிவு. 2019 ஏப்ரலுக்கு முந்தைய சின்ன கார்களில் பலவற்றில், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வெளியில் சிஎன்ஜி கிட் போட்ட வண்டி வாங்கலாமா? (ஓசூர்)

ஆர்சியில் எரிபொருள் மாற்றம் ஏற்றியிருந்தால், சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) தேதி தாண்டாமல் இருந்தால் யோசிக்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கூடாது.

கேள்வி: புரோக்கர் வண்டியை நம் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார். வசதிதானே? (ஈரோடு)

அவருக்குத்தான் வசதி. ஓட்டிக்கொண்டு வந்தால் எஞ்சின் சூடாகிவிடும். குளிர்ந்த எஞ்சின் காட்டும் நீலப் புகையோ, ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் லொடலொட சத்தமோ அதற்குள் அடங்கிவிடும். வண்டி நிற்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள், காலை ஆறரைக்கு, உங்கள் மெக்கானிக்கோடு. ஆயிரம் ஆயிரத்தைநூறு கேட்பார், கொடுங்கள். முதலில் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று திரும்பி வந்துவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.