சரக்கு வராத பில்லை டேலியில் ஏற்றலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் புரோக்கர் கொண்டுவரும் பில்களை டேலியில், அதாவது கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில், ஏற்றச் சொல்கிறார் முதலாளி. அந்தச் சரக்கு குடோனுக்கு வந்ததே இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் மனசு உறுத்துகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா?

பதில்: தங்கச்சி, அழைப்பு இருந்தால் ஊழியத்துக்குப் போங்கள். பில்லுக்குப் பயந்து போகாதீர்கள். வேதாகமத்தில் தானியேல் பார்த்ததும் கணக்கு வேலைதான். 120 தேசாதிபதிகள் கணக்கு ஒப்புவித்த மூன்று பிரதானிகளில் அவர் ஒருவர். சிங்கக் கெபியைத்தான் பிரசங்கம் பண்ணுகிறோம். அதற்கு முன்னால் எதிரிகள் அவர் வேலையைக் குடைந்து குடைந்து பார்த்தும் ஒரு குற்றமும் கிடைக்காமல் போனதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட். சரக்கு வாங்காமல் பில்லை மட்டும் காட்டி அந்த இன்புட்டை எடுப்பது ஜிஎஸ்டி சட்டப்படி குற்றம். 10,000 ரூபாயோ அந்த வரித் தொகையோ, எது அதிகமோ அது அபராதம். தொகை 5 கோடியைத் தாண்டினால் 5 வருடம் வரை சிறை. முதலாளியிடம் வசனம் பேச வேண்டாம். தனியாகப் பார்த்து, "அண்ணாச்சி, எடைச்சீட்டு இல்லாத பில்லை நான் ஏற்ற மாட்டேன்" என்று சொல்லுங்கள். பில், அதன் பின்னால் எடைச்சீட்டு, ஓரத்தில் லாரி நம்பர், மூன்றையும் சேர்த்துப் பின் அடித்த பிறகுதான் எண்ட்ரி.

புரோக்கரிடம் ரொம்ப ஜாக்கிரதை. "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஆதார், பான், ஒரு ஓடிபி போதும், மாதம் 5,000 ரூபாய் தருகிறேன் என்பார். கொடுத்தால் கள்ள பில் போட உங்கள் பெயரில் ஒரு கம்பெனி முளைத்துவிடும். ஜெராக்ஸ் கடையில் நின்ற ஒரு பையன், தான் பார்த்தே இராத சிமெண்டுக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து அழுதான். வலையில் விழ வைத்தவர், அவன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர். சபையில் பழக்கம் என்பதற்காக யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்.

இதோடு இன்னொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சரக்கு நிஜமாக வந்திருக்கும், எடைச்சீட்டும் இருக்கும், ஆனால் விற்றவர் ரிட்டர்ன் போடாததால் பில் 2பி-யில், அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் நமக்கு வரும் பட்டியலில், வந்திருக்காது. அது கள்ள பில் இல்லை. கொள்முதலைத் தாராளமாக ஏற்றுங்கள். இன்புட்டை மட்டும் 2பி-யில் வரும் வரை நிறுத்தி வையுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை பொதுவாக நேரம் இருக்கிறது. அதற்குள் விற்றவருக்கு வாரம் ஒரு போன் போடுங்கள். வரியோடு சேர்த்துக் காசு கொடுத்தவன் காத்துக் கிடக்க வேண்டும், ரிட்டர்ன் போடாதவன் நிம்மதியாகத் தூங்கலாம். என்ன ஏற்பாடோ இது! வருஷக்கணக்காகச் சொல்கிறோம், கேட்க ஆளில்லை.

ஏற்கெனவே ஏற்றிவிட்ட பில்களுக்கு, எடுத்த இன்புட்டை 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். நோட்டீஸ் வருமுன் கட்டினால் அபராதம் வெகுவாகக் குறையும். கடை ஆடிட்டரையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள், ஆனால் கள்ள பில்லை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். கடையின் ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் மொபைல் நம்பர் இருந்தால் இந்த வாரமே மாற்றச் சொல்லிவிடுங்கள்.