சிங்கப்பூர்ல ரிட்டயர்மெண்ட் வயசு வந்ததும் அப்பாவ வீட்டுக்கு அனுப்பிடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க

உடனே அனுப்பிட முடியாதுங்க. அங்க ரெண்டு வயசு இருக்கு, இதுலதான் நிறைய பேர் குழம்பிடுறாங்க. ஒண்ணு ரிட்டயர்மெண்ட் வயசு, அதுக்கு முன்னாடி வயச மட்டும் காரணம் காட்டி யாரையும் நிறுத்தக் கூடாது. இன்னொண்ணு மறுவேலை வயசு, அதுவரைக்கும் சிட்டிசனாவோ பிஆராவோ (அங்க நிரந்தரமா தங்க அனுமதி வாங்கினவரு) இருந்து, வேலையும் உடம்பும் நல்லா இருந்தா, கம்பெனி திரும்ப வேலை தர முன்வரணும். 2022 ஜூலைல இது 63, 68ன்னு ஆச்சு, 2026 ஜூலை 1ல இருந்து 64, 69, 2030க்குள்ள 65, 70ன்னு சொல்லியிருக்காங்க. பிறப்பு குறைஞ்சுட்டே போற ஊரு, ஆள் வேணும்ல.

ஆனா பழைய சம்பளமே கிடைக்கும்னு நம்பி இருந்துடாதீங்க, புது கான்ட்ராக்ட்ல வேலையும் மாறலாம், சம்பளமும் குறையலாம், குறைஞ்சது ஒரு வருஷத்துக்குப் போட்டு வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க, என்னைக் கேட்டா சட்டத்துல வீக்கான இடமே இதுதான். கம்பெனில பொருத்தமான வேலையே இல்லன்னா, வேற கம்பெனி எடுத்துக்கலன்னா, ஒரே தடவையா ஒரு தொகை குடுக்கணும், அது சுமாரா மூணரை மாச சம்பளம், ஆனா அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. ஒர்க் பர்மிட்ல போன நம்மாளுங்களுக்கு இது எதுவும் கிடையாது.