ஜப்பானின் பழைய மர வீட்டைப் பிரித்து வேறு நாட்டில் மறுபடி கட்ட முடியுமா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஜப்பானின் மருகமே ஊரில் 1700 வாக்கில் கட்டப்பட்ட ஊர்த்தலைவர் வீடு ஒன்று, இப்போது கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத் தோட்டத்தில் நிற்கிறது. 2023 அக்டோபரில் திறந்தார்கள்.

இதற்கு வழிவிடுவது மர இணைப்புகள்தான். தூணும் உத்தரமும் பெரும்பாலும் ஆணியில்லாமல், துளையும் நாக்குமாகச் செதுக்கிப் பூட்டி, மர முளை அடித்து இறுக்கப்பட்டவை. முளையைத் தட்டி எடுத்தால் சட்டகத்தைப் பதமாகப் பிரித்துவிடலாம். அதற்கு முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, அளந்து, வரைந்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். அடி உளுத்த தூணை முழுதாகத் தூக்கி எறிய மாட்டார்கள். கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புது மரத்தைக் கோத்து இணைப்பார்கள். எவ்வளவு பழைய மரம் மிஞ்சுகிறதோ, அவ்வளவுக்குத்தான் அது அதே வீடு.

மண்சுவர் கப்பலேறாது. மூங்கில் தட்டி கட்டி, மண்ணும் வைக்கோலும் குழைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அப்புறம் உள்ளூர்க் கட்டடச் சட்டம். கல்மேல் சும்மா நின்ற தூண்களை, நிலநடுக்கப் பகுதிகளில் அடித்தளத்தோடு பிணைக்கச் சொல்லலாம். அதனால் வீட்டைப் பிரிக்கும் முன்பே, மரபுத் தச்சரையும் உள்ளூர்ப் பொறியாளரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.