ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாட்களில் கர்ப்பிணி வேலைக்குப் போகலாமா?

கம்பத்திலிருந்து ஜீப்பில் வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் தங்கை ஒருவர், இரண்டு மாதக் கர்ப்பம், மருந்தும் கடன் கவலையும் பிள்ளையைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறார்.

பாதிக்கலாம் தங்கச்சி, முக்கியமாக மருந்து. குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பை முடக்குவது போலவே மனித நரம்பையும் தாக்கும். தோல் வழியாகவும் உள்ளே போகும். இந்த வகை மருந்துகள் நஞ்சுக்கொடியையும் தாண்டக்கூடியவை. பிள்ளைக்கு இதயமும் மூளையும் உருவாகிற நேரம் இது. அடித்த ஈரம் காய்ந்தாலும் மருந்து செடியில் ஒட்டியிருக்கும். காய் தூரில் காய்ப்பதால், குனிந்து கையை விடும்போது முழங்கை வரை படும், சேலையிலும் ஏறும்.

கடன் கவலை? ஒருநாள் அழுததற்குப் பயப்படாதீர்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் கடும் மன அழுத்தத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும்தான் தொடர்பு தெரிகிறது. வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள்.

மருந்து அடிக்காத பக்கம் வேலை கேளுங்கள். தராவிட்டால் அந்த நாட்களில் போகவே வேண்டாம். கூலி போவது கஷ்டம்தான், ஆனாலும் இதைத்தான் சொல்வேன். வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள், சேலையைத் தனியாகத் துவையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். எச்சில் ஊறி, கண் மங்கி, தலை சுற்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், தோட்டத்தில் அடித்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.